வெற்றுக் கட்டமும் முடிவிலியும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் எம்மைப் பணித்தனர். எம்மோடு படித்த அன்பர்கள் ஆசிரியப் பெருந்தகைகளையும் விடுதி வாழ்வையும் கிரிக்கெட் ஆட்டங்களையும் பற்றி எழுதுவார்கள். அவற்றை எம்மினும் நன்றாக எழுத வல்லார் பலர் உளர். ஆதலின், கணித ஆசிரியராகப் பொகவந்தலாவைக்குச் சென்று, ஓய்வு பெற்ற பின்னரும் அங்கேயே தங்கிவிட்ட நாம், அவ்விடத்தில் எம் கைக்கு வந்த கணக்கொன்றைப் பற்றி எழுதத் துணிந்தோம். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. கூட்டலும் வகுத்தலும் அறிந்தார்க்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை.

பொகவந்தலாவையைத் தேயிலையின் பொன் பள்ளத்தாக்கு என்பர். கெகல்கமு ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்தை நோக்கி ஓடும் அப்பள்ளத்தாக்கில், மே மாதம் தென்மேல் பருவக்காற்றுத் தொடங்கிவிட்டால் எதிர்மலை கண்ணுக்குத் தெரியாது. அங்குள்ள மக்களின் வாழ்வை அளப்பது கடிகாரமன்று, தராசு. பெண்கள் கொய்து வரும் கொழுந்து மலையிலேயே நிறுக்கப்பட்டு ஏட்டில் பதியப்படும். குறித்த நிறையை எட்டியவருக்கு ஒரு பேர், எட்டாதவருக்கு அரைப்பேர். ஒருநாட் சம்பளத்துக்குப் ‘பேர்’ என்று பெயரிட்ட அவ்வழக்கை நாம் முதன்முதற் கேட்டபோது வியந்தோம். பேர் விழவில்லை என்றால் அந்நாளில் அவள் உழைத்தாள் என்பதற்குச் சான்றே இல்லை.

எம்மிடம் படித்த மாணவர் ஒருவர் இப்போது தோட்டமொன்றின் காரியாலயத்தில் எழுதுவினைஞராயிருக்கிறார். தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டா. ஒருநாள் மாலை அவர் மடிக்கணினியோடு எம் வீட்டுக்கு வந்தார். ஓர் ஆளின் சராசரிக் கொழுந்து நாளொன்றுக்கு 19 கிலோ என்று காரியாலயத்தில் ஒருவர் கணக்கிட்டிருக்கிறார். அப்படியாயின் ஒரு பேருக்கு 18 கிலோ என்பது குறைவு, அதை உயர்த்தலாம் என்று பேச்சு எழுந்திருக்கிறது. “இந்த 19 சரிதானா, சேர்?” என்பதே அவர் கேட்ட கேள்வி. அவருடைய தாயாரும் அத்தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர்.

ஏட்டின் தன்மையை விளக்க, ஒரு தொழிலாளியின் ஆறு நாட்களை உதாரணமாக அமைத்துக் காட்டுவோம். திங்கள் 18, செவ்வாய் 20, புதன் வெற்றுக் கட்டம், வியாழன் 16, வெள்ளி 0, சனி 22. புதனன்று அவள் காய்ச்சலாய்க் கிடந்தாள், வேலைக்கு வரவில்லை. வெள்ளியன்று பெரட்டுக்கு வந்து மலைக்கும் ஏறினாள். மழை கொட்டியதால் அரைப்பேரோடு இறக்கிவிட்டார்கள். ஆறு நாளும் சேர்ந்து 76 கிலோ. வெற்றுக் கட்டத்தையும் பூச்சியமாகக் கொண்டு 6ஆல் வகுத்தால் ஏறத்தாழ 12.7. வெற்றுக் கட்டத்தை மட்டும் விலக்கி 5ஆல் வகுத்தால் 15.2. பூச்சியத்தையும் விலக்கி 4ஆல் வகுத்தால் 19. எண்கள் ஒன்றே, விடைகள் மூன்று. 18 என்னும் எல்லைக்கு இரண்டு விடைகள் கீழே நிற்க, ஒன்று மாத்திரம் மேலே நிற்கிறது.

இம்மூன்றில் எது சரி என்று கேட்பது முறையன்று. எந்தக் கேள்விக்கு எது விடை என்றே கேட்கவேண்டும். கொழுந்து எடுக்க முடிந்த நாளில் அவள் எவ்வளவு எடுப்பாள் என்பதற்கு 19 விடை. வேலைக்கு வந்த நாளில் எவ்வளவு என்பதற்கு 15.2 விடை. வந்த நாளெல்லாம் அவளைக் கட்டுப்படுத்தப்போகும் ஓர் எல்லையை, மழை விலக்கிய நாட்களை மட்டும் வைத்து நிறுவுதல் நியாயமாகாது என்பதே எம் துணிபு. “அம்மா அன்னைக்கி மலைக்குப் போனாங்க சேர்; மழையிலதான் இறக்கிட்டாங்க” என்று மாணவர் சொன்னார். பூச்சியத்துக்கும் வெற்றுக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் சுருங்கச் சொல்லும் பாடநூலை நாம் கண்டதில்லை.

இனி இயந்திரத்தின் பக்கம் வருவோம். காரியாலயங்களில் வழங்கும் எக்செல், சராசரி காணும்போது வெற்றுக் கட்டத்தை ஒரு சொல்லும் சொல்லாமல் தாண்டிச் செல்லும், பூச்சியத்தைச் சேர்த்துக்கொள்ளும். பைதன் மொழியின் பாண்டாஸ் தொகுதியும் விடுபட்டதை வாய் திறவாமலே தாண்டிவிடும். ‘ஆர்’ என்னும் புள்ளிவிபர மொழியின் இயல்பு வேறு. நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் என்னும் இருவர் ஆக்கிய அம்மொழியின் முதல் நிறைபதிப்பு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் விடுபட்ட பெறுமானத்துக்கு ‘என்.ஏ.’ என்று குறியீடு. ஆயிரம் எண்களில் ஒன்றே ஒன்று என்.ஏ. ஆயினும், சராசரி யாது என்று கேட்டால் ‘என்.ஏ.’ என்றே விடை வரும். புதியவர்கள் இதைக் கண்டு சினப்பர். ஆனால் அது பிடிவாதமன்று; நேர்மை. ஓர் எண் தெரியாதபோது முழுக் கூட்டுத்தொகையும் தெரியாது என்பது உண்மையன்றோ? விலக்கிவிட்டுக் கணக்கிடு என்று நாமே எழுதிக் கொடுத்தால்தான் அது விலக்கும். விலக்கிய பொறுப்பு அப்போது எம்முடையதாகிறது.

என்.ஏ. என்.ஏ.க்குச் சமமா என்று கேட்டாலும் விடை என்.ஏ. தான். லயத்தில் இரு முதியவர்கள். இருவர் வயதும் தெரியாது. இருவரும் ஒரே வயதினரா என்றால் என்ன சொல்வது? தெரியாது என்பதே சொல்லத்தக்கது. ஆகவே வெற்றுக் கட்டங்களைத் தேட விரும்புவோர் சமக்குறி இட்டுத் தேடலாகாது. அதற்கென்றே உள்ள வேறொரு கட்டளையைக் கொள்ளவேண்டும். ‘தெரியாதது அல்லது மெய்’ என்றால், தெரியாதது எதுவாயினும் முழுமையும் மெய்யாகும் என்பதால், அங்கே மட்டும் ‘மெய்’ என்று உறுதியாக விடை தரும். தருக்க நூல் பயின்றார்க்கு இது விருந்து. என்.ஏ.வைப் பூச்சியத்தால் பெருக்கினாலோ விடை பூச்சியமன்று, என்.ஏ. தான். ஏனெனில் தெரியாத அவ்வெண் முடிவிலியாகவும் இருக்கக்கூடும்.

முடிவிலி தேயிலை மலைக்கு எப்படி வந்தது என்று வினவுவீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலை நேரம் முடிந்த பின்னும் கிலோவுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துக் கொழுந்து எடுப்பிப்பதுண்டு. அதற்குக் கைக்காசு என்று பெயர். எம் மாணவர் கொணர்ந்த ஏட்டில் கைக்காசுக் கொழுந்துக்குக் கிலோ உண்டு, பேர் இல்லை. ஒரு பேருக்கு எத்தனை கிலோ என்று காண, 140 கிலோவைப் பூச்சியம் பேரால் வகுக்கவேண்டியதாயிற்று. எக்செல்லானால் பிழையென்று சொல்லி நின்றிருக்கும், ஆர் மொழியோ தயங்காமல் முடிவிலி என்று எழுதிற்று. வேறொரு மலை கவ்வாத்து வெட்டிக் கிடந்தது. மேல்நாட்டில் நாலைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியைக் கவ்வாத்து வெட்டுவர். பின் சில மாதம் அம்மலையில் கொழுந்தும் இல்லை, எடுப்போரும் இல்லை. பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தபோது ‘எண் அன்று’ என்னும் பொருளுடைய குறியீடு வந்தது. அதன் மூன்று ஆங்கில எழுத்துக்களைத் தமிழில் வாசித்தால் ‘நான்’ என்று ஒலிக்கும். அந்த ‘நான்’ தன்னோடுதானே சமமாகாத ஒன்று என்பது எமக்கு நகையும் தந்தது, சிறிது சிந்தனையும் தந்தது.

இவ்வினாக்கள் எம்மவர்க்குப் புதியனவல்ல. கி.பி. 628இல் பிரமகுப்தர் பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் பூச்சியமே என்றார். 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கராசாரியர், பூச்சியத்தைப் பகுதியெண்ணாக உடைய பின்னத்தைக் ‘ககரம்’ என்று பெயரிட்டு, எதைக் கூட்டினும் கழிப்பினும் மாறாத முடிவிலியாக அதைக் கண்டார். 1985ஆம் ஆண்டு மின்பொறியியலாளர் சங்கம் வெளியிட்ட 754ஆம் இலக்க நியமம் இன்றைய கணினிகளின் பின்ன எண்கணிதத்துக்கு அடிப்படை. அதனை வகுத்தவருள் முதன்மையானவர் வில்லியம் ககான். 1989இல் டியூரிங் பரிசு பெற்றவர். அந்நியமம் முடிவிலி பற்றிப் பாஸ்கரரோடு பெரிதும் ஒத்துப்போகிறது; பூச்சியத்தின் கீழ்ப் பூச்சியம் பற்றிப் பிரமகுப்தரை மறுக்கிறது. கவ்வாத்து மலையைப் பார்த்தவர் யாரும் மறுக்கவே செய்வர். ஆளே இல்லாத இடத்தில் ஆளுக்குப் பூச்சியம் கிலோ என்பது, வராதவரைச் சோம்பேறி என்பது போன்றது. ஆர் மொழியின் என்.ஏ.யும் உட்புறத்தில் இந்த ‘எண் அன்று’ என்பதன் ஒரு வகையே; வேறுபடுத்தி அறியும்பொருட்டு அதனுள் 1954 என்னும் எண்ணைப் பொதித்து வைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு குழி உண்டு. விடுபட்டவற்றை விலக்கு என்னும் கட்டளை என்.ஏ.யையும் ‘எண் அன்று’ என்பதையும் விலக்கும், முடிவிலியை விலக்காது. மாதத்தில் ஒரேயொரு கைக்காசு ஞாயிறு புகுந்தாலும் மாதச் சராசரி முழுவதும் முடிவிலியாகும். முடிவுள்ள எண்கள் எவை என்று தனியே சோதித்துத்தான் அவற்றைப் பிரிக்கவேண்டும். கொழுந்தே எடுக்காத ஒரு மாதத்தில் கட்டங்கள் யாவும் வெற்றாயிருக்க, அவற்றை விலக்கிவிட்டு வினவினால், கூட்டுத்தொகை பூச்சியம், சராசரி ‘எண் அன்று’, அதியுயர்ந்த நாளின் நிறை எதிர் முடிவிலி என்று மூவேறு விடை வரும். மூன்றும் இலக்கணப்படி சரியே. எதிர் முடிவிலிக் கிலோவை எந்தத் தராசிலும் நிறுக்க முடியாது என்பதை மாத்திரம் இயந்திரம் அறியாது.

மழையேட்டிலும் இதே கதை. ஞாயிறன்று மழைமானியைப் பார்க்க ஆளில்லையென்றால், திங்களன்று அளக்கும் நீர் இரண்டு நாள் நீர். ஞாயிற்றுக்குப் பூச்சியம் இட்டவர் மழையை மறைத்ததோடு திங்களை வெள்ள நாளாகவும் ஆக்கிவிடுகிறார். பழைய கோவைகளில் விடுபட்ட நாளுக்கு −99.9 போன்ற எண்களைக் குறியாக இட்டதுண்டு. அறியாதவர் அவற்றையும் கூட்டிவிட்டால் வானத்துக்கு மழை திரும்பிச் சென்றதாகக் கணக்கு வரும்.

எனினும் குறியீடுகளை அறிந்துவிட்டால் போதாது. ஏன் விடுபட்டது என்பதே பெரிய வினா. 1976இல் டொனால்ட் ரூபின் என்னும் அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர் இதனை முறைப்படி ஆராய்ந்தார். ஏட்டின் ஒரு தாளைக் கறையான் தின்றால், அது யார் கொழுந்தென்று பார்த்துத் தின்பதில்லை. அதை விலக்கிக் கணக்கிட்டாலும் சராசரி கோணாது. மழை மாதத்தில் வராதோர் மிகுந்தால், மாதம் எதுவென்பது ஏட்டில் உள்ளமையால் அதைக் கொண்டு ஈடுசெய்யலாம். உடல் தளர்ந்தவள், இன்று 18 கிலோ தேறாது என்று அறிந்து வீட்டிலேயே நின்றுவிட்டால், அங்கே விடுபடுதலுக்குக் காரணம் விடுபட்ட எண்ணேதான். அவளை விலக்கிக் காணும் சராசரி வலியவர்களின் சராசரி. எந்தக் கட்டளையும் இதைத் திருத்தாது. லயத்துக்குப் போய்க் கேட்டாலன்றி அறிய வழியில்லை.

வெற்றுக் கட்டத்தின் வலியை மலையகத்தாருக்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றோராக்கிற்று. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பற்றிப் பேசியது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் தீர்மானிப்பது. இரண்டு அரசுகள் கையெழுத்திட்ட தாளில் ஒன்றரை இலட்சம் உயிர்கள் ‘என்.ஏ.’ ஆகப் பத்தாண்டு இருந்தனர். 1974இல் அவர்களை ஆளுக்குப் பாதியாக, எழுபத்தையாயிரம் எழுபத்தையாயிரமாகப் பிரித்துக்கொண்டார்கள். தெரியாததை இரண்டால் வகுத்தால் தெரியாததே வரும் என்று செய்நிரல்மொழிகள் சொல்கின்றன. அரசியலில் அவ்விதி செல்லவில்லை.

வடக்கிலிருந்து இதை வாசிக்கும் அன்பர்களுக்கு 2001ஆம் ஆண்டுத் தொகைமதிப்பு நினைவிருக்கும். 1981க்குப் பின் இருபது ஆண்டு கழித்து நடந்த அது, 25 மாவட்டங்களில் 18இல் மட்டுமே முழுமையாயிற்று. யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் முழுமை பெறாதவற்றுள் அடங்கும். அவ்வாண்டின் அட்டவணைகளைக் கணினியில் ஏற்றும் மாணவர் இக்கட்டங்களில் பூச்சியம் இட்டால், எம் ஊர்கள் ஆளற்ற காடுகளாகும். நிரையையே நீக்கிவிட்டால், அவை இலங்கையிலேயே இல்லாத ஊர்களாகும். இரண்டையும் நாம் மாணவர் ஒப்படைகளிற் கண்டிருக்கிறோம்.

தோட்டக் கணக்குக்கு மீள்வோம். மாணவரும் நாமுமாக நான்கு மாலை அமர்ந்தோம். கைக்காசுக் கொழுந்தைத் தனி ஏடாகப் பிரித்தோம். கவ்வாத்து மலைகளுக்கு ‘எடுப்பு இல்லை’ என்று குறித்தோம். கிலோவுக்கு அருகே ‘காரணம்’ என்றொரு நிரலைச் சேர்த்து, வரவில்லை, மழை, சுகவீனம், மாற்றுவேலை என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுதினோம். தாயாரிடமும் அயலாரிடமும் கேட்டு எழுதியவையே அவற்றுட் பல. திருத்திய கணக்கில் சராசரி 18க்குக் கீழே நின்றது. மாணவர் அதனை மூன்று விடைகளோடும், ஒவ்வொன்றும் எந்தக் கேள்விக்கு என்னும் குறிப்போடும் அச்சிட்டுத் துரையிடம் கொடுத்தார். அவர் அதை வாங்கி வைத்துக்கொண்டார். எல்லை இன்னும் 18 ஆகவே இருக்கிறது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

ஒரு பிரிவின் மே மாத ஏட்டில் மட்டும் பதினொரு நாட்களுக்கு வரிசையாக எல்லோர்க்கும் பூச்சியம் இருந்தது. விசாரித்ததில், மழையில் நனைந்து எழுத்தழிந்த ஏடு அது. கணினி வெற்றுக் கட்டத்தை ஏற்க மறுத்ததால் பதிந்தவர் பூச்சியம் அடித்துச் சென்றிருக்கிறார். அந்நாட்களில் கொழுந்து எடுத்தவர்கள் நினைவிருந்து சொன்ன நிறைகளை மாணவர் எழுதி வந்தார். நாம் அவற்றை ஏட்டில் ஏற்றவில்லை, தனித்தாளில் வைத்தோம். பூச்சியங்களை எடுத்துவிட்டு, காரணத்தின் கீழ் ‘ஏடு நனைந்தது’ என்று எழுதினோம். அக்கட்டங்கள் இன்றும் வெற்றாகவே இருக்கின்றன.