சீப்புக்கு முன்னே தண்ணீர்

  

‘கூந்தல் இருக்கிற மகராசி அள்ளி முடிகிறாள்’ என்பது நம் பாட்டிமார் வாயில் புழங்கிய பழமொழி. அதை முதன்முதலில் சொன்னவருக்கு நெருக்கமாகச் சுருண்ட முடி இருந்திருக்காது என்றே எண்ணுகிறேன். அத்தகைய கூந்தலை அள்ள முடியாது. அள்ளினாலும் முடிய முடியாது. சீப்பு உள்ளே இறங்காது. இறங்கிய சீப்பு வெளியே வராது. நம் வீடுகளில் பத்துப் பிள்ளைகளுள் ஒன்றிரண்டுக்கேனும் இத்தகைய முடி அமைந்துவிடுகிறது. அதன் பொருட்டு அப்பிள்ளைகள் கேட்கும் சொற்கள் கொஞ்சமல்ல. ஆகவேதான் அதைப் பேணும் முறையைப் பற்றி உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

என் தலைமுடியும் இவ்வகையே. பேனாவுக்குள் இருக்குமே சிறு கம்பிச்சுருள், ஒவ்வொரு முடியும் அதைப்போல் சுருண்டிருக்கும். பள்ளியில் ‘குருவிக்கூடு’ என்றார்கள். கல்லூரி விடுதியில் ‘தேங்காய் நார்’ என்றார்கள். என் உம்மா அதற்கெல்லாம் மனம் கலங்கவில்லை. ‘தண்ணி காட்டாம சீப்பை வைக்காதே’ என்பது ஒன்றே அவர்கள் எனக்கிட்ட கட்டளை. அது எத்துணை பெரிய உண்மை என்பது, கலைப்பட்டம் பெற்றுப் புத்தகங்களைத் தேடிப் படிக்கத் தொடங்கிய பின்னரே எனக்கு விளங்கிற்று.

முதலில் ஓர் ஐயத்தை நீக்கிவிடுவோம். சுருண்ட முடி வறண்டு கிடப்பது பராமரிப்புக் குறைவினால் அன்று, அதன் வடிவத்தினால். நேரான முடியை நறுக்கிப் பார்த்தால் வெட்டுமுகம் ஏறத்தாழ வட்டமாயிருக்கும். சுருண்ட முடியில் அது தட்டையாயிருக்கும். தோலுக்குள் இருக்கும் அதன் வேர்க்குழியே வளைந்துதான் இருக்கிறது. உச்சந்தலையில் சுரக்கும் இயற்கை எண்ணெய் நேரான முடியில் எளிதில் வழிந்து நுனிவரை செல்லும். சுருண்ட முடியிலோ அது வளைவுகள் பலவற்றைச் சுற்றி இறங்க வேண்டும். பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. எனவே வேர் பிசுபிசுக்கும்; நுனி காய்ந்து கிடக்கும். மேலும் ஒவ்வொரு வளைவும் முடி முறிவதற்கு ஏற்ற பலவீனமான இடம். காய்ந்த முடியில் பேன்சீப்பைப் போட்டு இழுத்தால் அந்த வளைவுகளில் ‘பட் பட்’ என்று ஒடிகிறது. ‘என் மகளுக்கு முடி வளரவே மாட்டேன் என்கிறது’ என்று தாய்மார் வருந்துவது பெரும்பாலும் இதனால்தான். முடி வளர்கிறது, வளர்ந்த அளவு நுனியில் ஒடிந்தும் போகிறது.

நெருக்கமாகச் சுருண்ட முடி பெரும்பான்மை மக்களின் இயல்பாக இருப்பது ஆப்பிரிக்கக் கண்டத்தில். அதைப் பேணும் கலையும் அங்கேதான் செழித்தது. நம் சகோதர முஸ்லிம்கள் மிகுந்து வாழும் சாட் நாட்டில் பஸாரா இனப் பெண்கள் ‘ஷெபே’ எனும் பொடியைத் தலைமுறைகளாகப் பயன்படுத்தி வருகின்றனர். ஒருவகைச் செடியின் விதையை வறுத்து, கிராம்பு முதலிய நறுமணப் பொருள்களுடன் இடித்து, எண்ணெயில் குழைத்து, ஈரப்படுத்திய முடியில் பூசிப் பின்னிவிடுகிறார்கள். உச்சந்தலையில் அதைத் தேய்ப்பதில்லை; முடியின் நீளத்தில் மட்டுமே பூசுகிறார்கள். இதில் ஒரு நுட்பம் அடங்கியுள்ளது. அந்தப் பூச்சு முடியை முளைக்க வைப்பதன்று. முளைத்த முடி ஒடிந்துவிடாமல் ஈரத்தைக் காத்து நிற்பது. சுருண்ட முடியை வளர்ப்பது என்பது வளர்ந்ததைக் காப்பதே என்ற பாடத்தை அப்பெண்கள் நமக்குக் கற்பிக்கின்றனர்.

அதே முடி, அடிமைகளாகக் கடல் கடத்தப்பட்ட மக்களின் தலையில் இழிவின் சின்னமாக ஆக்கப்பட்டது. 1786-இல், ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த லூசியானாவில், ஆளுநர் மிரோ கறுப்பினச் சுதந்திரப் பெண்கள் தம் கூந்தலைத் துணியால் கட்டி மறைக்க வேண்டும் என ஆணையிட்டார். நாம் இறைவனுக்காக விரும்பி அணியும் முக்காடு வேறு. இழிவுபடுத்துவதற்காக மனிதன் திணித்த துணி வேறு. பின்னர் முடியை நேராக்கிக் கொள்வதே நாகரிகம் என்ற எண்ணம் அம்மக்களிடையே வேரூன்றியது. ஹஜ்ஜுக்குப் பின் அல்ஹாஜ் மாலிக் அல்ஷபாஸ் என அறியப்பட்ட மால்கம் எக்ஸ், 1965-இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில், இளமையில் காஸ்டிக் சோடா, முட்டை, உருளைக்கிழங்கு ஆகியன கலந்த கலவையைத் தலையில் பூசிக்கொண்டதையும் உச்சந்தலை தீயாய் எரிந்ததையும் விவரிக்கிறார். தன்னைத்தானே இழிவுபடுத்திக்கொண்ட செயல் என்றே பிற்காலத்தில் அதை அவர் கருதினார். 1960-களில் இயற்கையான முடியைப் பெருமையுடன் வளர்க்கும் எழுச்சி அமெரிக்காவில் தோன்றியது. எனினும் பள்ளியிலும் பணியிடத்திலும் முடியின் இயல்பைக் காரணமாக்கி ஒதுக்கக் கூடாது எனக் கலிபோர்னியா மாநிலம் சட்டம் இயற்றியது 2019-இல்தான். வேறு பல மாநிலங்களும் அதைப் பின்பற்றின.

இவையெல்லாம் எங்கோ நடந்தவை என்று தள்ளிவிட வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மதரஸாவில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி ஓதினாள். குர்ஆனைத் திருத்தமாக ஓதுவாள். ஆனால் நாள்தோறும் தாமதமாகவே வருவாள். சில நாள்களில் கண்கள் சிவந்திருக்கும். காரணம் கேட்டபோது அவளுடைய தாயார் அழாக் குறையாகச் சொன்னார்: ‘என்னத்தச் சொல்ல மாமி, ஊசிக்குக்கூட அழாத புள்ள சீப்பைப் பார்த்து அழுவுறா. நேராக்கிடலாம்னு பார்லர்ல சொல்றாங்க. செலவு போனாப் போகுது, செஞ்சுடவா?’

இந்தக் கேள்வி இன்று பல வீடுகளில் எழுகிறது. ஆதலால் அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். நேராக்கும் ரசாயனம் அன்றிருக்கும் முடியை மாற்றுமே அன்றி வேரை மாற்றாது. புதிதாக முளைப்பது சுருண்டே முளைக்கும்; நேரான பகுதியும் சுருண்ட பகுதியும் சந்திக்கும் இடத்தில் முடி எளிதில் ஒடியும். நேராக்கும் கலவைகளில் சில, சூடு படும்போது ஃபார்மால்டிஹைட் எனும் வாயுவை வெளியிடுகின்றன. அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என உறுதி செய்யப்பட்டுள்ளது. அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் கவனித்த ஓர் ஆய்வு 2022-இல் வெளியாயிற்று. முடியை நேராக்கும் பொருள்களைப் பயன்படுத்தாத பெண்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய்க்கு ஆளாவோர் 1.64 விழுக்காடு என்றும், ஓராண்டில் நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியோரில் அது 4.05 விழுக்காடு என்றும் அது மதிப்பிட்டது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வே அன்றி, காரணத்தை முடிவாக நிறுவிய ஆய்வன்று. ஆயினும் ஒன்பது வயதுப் பிள்ளையின் தலையில் அதைப் பரிசோதிக்க வேண்டுமா என்று கேட்டேன். தாயார் யோசித்தார். ‘அப்ப என்ன செய்யட்டும்?’ என்றார். அவருக்குச் சொன்ன முறை இதுதான்.

வாரம் ஒருமுறை தலைக்குக் குளிப்பாட்டுங்கள். அதற்கு முன் அரை மணி நேரம் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். முடித்தண்டின் உள்ளே ஊடுருவும் இயல்பு தேங்காய் எண்ணெய்க்கு உண்டு. கழுவும்போது முடியின் புரதம் வெளியேறுவதை அது குறைக்கிறது. சீயக்காய்த்தூளின் நொறுங்குகள் சுருளில் சிக்கிக்கொள்ளும். ஆகவே அதை ஊறவைத்து வடிகட்டிய நீரையோ, மென்மையான ஷாம்புவையோ உச்சந்தலையில் மட்டும் தேயுங்கள். வழிந்து இறங்கும் நுரையே மீதி முடிக்குப் போதுமானது.

சிக்கு எடுப்பது அடுத்த பணி. காய்ந்த முடியில் ஒருபோதும் சிக்கு எடுக்காதீர்கள். சொட்டச் சொட்ட ஈரமாயிருக்கும்போதே கண்டிஷனரைத் தாராளமாகப் பூசுங்கள். அது இல்லாத வீட்டில் செம்பருத்தி இலையைக் கசக்கி எடுத்த கொழகொழப்பான சாறு போதும்; அல்லது இரவு ஊறவைத்த வெந்தயத்தை அரைத்துத் துணியில் வடித்துக் கொள்ளலாம். தலையை ஆறு அல்லது எட்டுப் பாகமாகப் பிரித்து, ஒன்றைத் தவிர மற்றவற்றை முறுக்கி ஒதுக்குங்கள். முதலில் விரல்களால் பிரியுங்கள். பிறகு அகலப் பல் கொண்ட சீப்பை நுனியில் வைத்துச் சிறிது சிறிதாக மேலே ஏறுங்கள். சிக்கு இருக்கும் இடத்துக்கு மேலே முடியை மற்றொரு கையால் பற்றிக்கொண்டால் வேர் இழுபடாது, பிள்ளைக்கு வலிக்காது. உச்சியிலிருந்து கீழே இழுத்தால் சிறு முடிச்சுகள் யாவும் திரண்டு பெரிய முடிச்சாகிவிடும்.

அலசிய பின் துண்டால் பரபரவென்று துவட்டாமல், பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். ஈரம் இருக்கும்போதே சிறிது கண்டிஷனரையோ கிரீமையோ தடவி, அதன்மேல் சில துளி எண்ணெய் பூசுங்கள். இந்த வரிசை முக்கியம். முடிக்குள் ஈரத்தைத் தருவது தண்ணீர். எண்ணெய் அதன்மேல் போடும் மூடி. காய்ந்த தலையில் கிண்ணம் கிண்ணமாய் எண்ணெய் ஊற்றுவது, வெறும் பானைக்கு மூடி போடுவதற்கு ஒப்பாகும். பின்னர்த் தளர்வாகப் பின்னிவிடுங்கள். நாள்தோறும் சீவ வேண்டியதில்லை. இடையில் முடி காய்ந்தால் தண்ணீர் தெளித்து விரலால் கோதினால் போதும்.

முக்காடு அணியும் நமக்குச் சில தனிக் கவனங்கள் தேவை. ஈரத்தலையில் துணியை இறுக்கிக் கட்டாதீர்கள். உச்சந்தலையில் அரிப்பும் வாடையும் தோன்றும். பருத்தி உள்தொப்பி முடியின் ஈரத்தை உறிஞ்சி உராயும். அதனுள் வழவழப்பான சாட்டின் துணி ஒன்றைத் தைத்துக் கொள்ளலாம். தலையணை உறைக்கும் அதுவே நல்லது. கொண்டையை நாள்தோறும் ஒரே இடத்தில் இறுக்கிப் போட்டால் நெற்றியோர முடி பின்வாங்கும். நெடுநாள் கழிந்தால் அது திரும்ப முளைக்காமலும் போகலாம்.

பின்னலைப் பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது என்று சிலர் என்னிடம் கேட்பதுண்டு. இறுகப் பின்னிய கூந்தலைக் கடமையான குளிப்புக்காக அவிழ்க்க வேண்டுமா என அன்னை உம்மு ஸலமா (ரழி) அவர்கள் கேட்டபோது, தலையில் மூன்று முறை நீரை அள்ளி ஊற்றினால் போதும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விடையளித்த செய்தி முஸ்லிம் கிரந்தத்தில் உள்ளது. எனினும் நீர் உள்ளே சென்று சேராத அளவுக்குப் பின்னல் இறுகியிருந்தால் அவிழ்க்கவே வேண்டும் என்பது ஷாஃபிஈ சட்டம். தளர்ந்த பின்னல் முடிக்கும் நலம், குளிப்புக்கும் எளிது. பிறர் முடியை ஒட்டவைத்துக் கொள்வது நபியவர்களால் கண்டிக்கப்பட்டது என்பதையும் மறவாதீர்கள்.

இனி, வளர்ச்சி. முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். நெருங்கிய சுருள் முடி அதைவிடச் சற்றுக் குறைவாக வளரும். எந்த எண்ணெய்ப் புட்டியும் இக்கணக்கைப் பெரிதாக மாற்றிவிடாது. பிள்ளைக்குக் கீரையும் முட்டையும் பருப்பும் கொடுங்கள். முடி கொத்தாக உதிர்ந்தாலோ, திட்டுத் திட்டாக வழுக்கை விழுந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். சுருள் முடி காய்ந்ததும் சுருங்கிக்கொள்ளும். ஒரு சாண் முடி நான்கு விரற்கடையாகத் தோன்றும். ஆகவே கண்ணால் அளக்காதீர்கள். ஒரு முடியை மெல்ல நீட்டிப் பிடித்து அளந்து பாருங்கள்.

அந்தச் சிறுமியின் தாயார் அவ்வாறே அளந்திருக்கிறார். நான்கைந்து மாதங்கள் கழித்து ஒரு காலை, பாடம் தொடங்கும் முன்பே வந்து அமர்ந்திருந்த சிறுமி, தன் பின்னலின் நுனியை இழுத்துத் தோள்வரை நீட்டிக் காட்டினாள். ‘மாமி, என் முடி வளந்துதான் இருந்துச்சாம். ஒளிஞ்சிக்கிட்டு இருந்துச்சாம்’ என்றாள். அவளுக்கு நீண்டு தொங்கும் கூந்தல் வந்துவிடவில்லை, வரப்போவதும் இல்லை. ஆனால் சீப்பைக் கண்டு அவள் அழுவது நின்றது.

தாய்மார்களே! மக்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை இறைவன் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாகக் கூறுகிறான். முடியின் வேறுபாடும் அவன் படைப்பே அன்றோ? ‘இந்த முடியை வைத்துக்கொண்டு உன்னை யார் கட்டிக்கொள்வார்?’ என்ற சொல்லை விளையாட்டுக்கும் சொல்லாதீர்கள். சீப்பு ஒடித்த முடி மீண்டும் முளைக்கும். சொல் ஒடித்த மனம் முளைக்க நெடுநாளாகும். குளியலறைக்குச் செல்லும்போது எண்ணெய்க் கிண்ணத்தோடும் அகலப் பல் சீப்போடும் ஒரு மணி நேரப் பொறுமையையும் எடுத்துச் செல்லுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் மகளோடு பேசிக்கொண்டே இருங்கள். வல்ல இறைவன் நம் பிள்ளைகளின் தோற்றத்தையும் குணத்தையும் அழகாக்கி வைப்பானாக! ஆமீன்.