புதிய வண்டிக்குப் பழைய முகம்

மைசூரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், எறிய மனமும் பயன்படுத்த வழியும் இல்லாமல், ஏதேனும் ஒரு பழம்பொருள் பின்கட்டில் உறங்கிக்கொண்டிருக்கும். ஒரு வீட்டில் அஃது ஆட்டுக்கல்லாக இருக்கும். மற்றொரு வீட்டில் தையல் இயந்திரமாக இருக்கும். நம் வீட்டிலோ அது தந்தையாரின் ஜாவா மோட்டார் சைக்கிள். தார்ப்பாயின் கீழ்ப் பல்லாண்டு கிடந்த அவ்வண்டியை விற்பதா, காப்பதா என்று நம் இல்லத்தில் எழுந்த வழக்கே இக்கட்டுரைக்கு வித்து.

வழக்கைத் தொடுத்தவன் பொறியியற் கல்லூரியில் பயிலும் நம் மகன். ஜாவா என்னும் பெயர் 2018 நவம்பரில் மீண்டும் சந்தைக்கு வந்ததை அன்பர்கள் அறிவார்கள். அப்புதிய வண்டியின்மீது அவனுக்குத் தீராத ஆசை. “தாத்தா வண்டியை விற்றால் முன்பணம் தேறிவிடும், அப்பா. உருவம் அதேதானே? தாத்தா வண்டி வீட்டில் இருப்பதுபோலவே இருக்கும்” என்றான். ‘இருப்பதுபோல’ என்ற அந்தச் சொல் நம் நெஞ்சில் தைத்தது. இருப்பதும் இருப்பதுபோலத் தோன்றுவதும் ஒன்றாகுமா?

நம் சொந்த ஊர் கோபிநத்தம். வெளியூரார் அதனை வீரப்பன் பிறந்த ஊர் என்று மட்டுமே அறிவர். நமக்கோ அஃது அன்னையார் வாழும் ஊர். அவ்வூரை உள்ளடக்கிய கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் 1ஆம் நாள்வரை சென்னை மாநிலத்துக் கோவை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அன்று மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. 1997இல் மைசூர் மாவட்டத்தினின்று பிரிந்து சாமராசநகர் மாவட்டத்தின் பகுதியாயிற்று. ஆதலின், நம் பாட்டனார் ஊரை விட்டு ஓரடியும் எடுத்து வைக்காமலே அயல் மாநிலத் தமிழரானார். உண்மையாகவே புறப்பட்டு வந்தவர் நம் தந்தையார். கொத்து வேலை பழகி, மைசூரில் மேஸ்திரியானார்.

அவர் 1984இல், பிறர் ஓட்டிக் கைமாறிய ஜாவா ஒன்றை வாங்கினார். அரக்குச் சிவப்பு நிறம்; பெட்ரோல் டாங்கின் இருபுறமும் கண்ணாடிபோல் மின்னும் வெள்ளித் தகடு. செக்கோஸ்லோவாக்கியாவில் 1929இல் பிறந்த பெயர் ஜாவா. அதன் உரிமம் பெற்று, மைசூர் யாதவகிரியில் இருந்த தொழிற்சாலை 1961 முதல் வண்டிகளைச் செய்தது. பின்னர் அவை யெஸ்டி என்ற பெயரில் வந்தன. 1996இல் ஆலை மூடப்பட்டது. உதைத்துக் கிளப்பும் மிதியே கியர் மாற்றும் மிதியாகவும் அமைந்தது அவ்வண்டியின் சிறப்பு. பெட்ரோலோடு எண்ணெயும் கலந்து ஊற்ற வேண்டும். புறப்பட்டால் தெருவெல்லாம் நீலப்புகை.

டாங்கின்மேல் சிறுவராகிய நாம். பின்னே அரிசி மூட்டை. கொள்ளேகால், ஹனூர் கடந்து, மாதேசுவரன் மலையேறி, பாலாற்றுப் பக்கம் இறங்கி ஊர் சேர்வோம். 1990களில் காடெங்கும் அதிரடிப்படையினர் நடமாடிய காலத்தில், இருட்டிய பின் எந்த வண்டியின் ஓசை கேட்டாலும் ஊர் வாயடைத்துப் போகும். இரண்டு புகைக்குழாய்களின் அந்தப் படபடப்புக் கேட்டால் மட்டும் அன்னையார் அரிக்கேன் விளக்கோடு வாசலுக்கு வருவார்.

இத்தகைய வண்டியின் முகத்தைப் புதிய வண்டி அணிந்து வந்தால், அதனை ஏற்பதா, மறுப்பதா? மகனின் அறைச் சுவரைப் பார்த்தபோது, இவ்வினா நம் வீட்டுக்கு மட்டும் உரியதன்று என்பது விளங்கிற்று. அங்கே மூன்று அமெரிக்கக் கார்களின் படங்கள்: போர்டு மஸ்டாங், டாட்ஜ் சேலஞ்சர், செவ்ரோலே கமாரோ. மூன்றும் 1960களிலும் 1970இலும் முதன்முதல் தோன்றியவை. மூன்றும் இந்த நூற்றாண்டில் பழைய முகத்தோடு மறுபிறவி எடுத்தவை. மஸ்டாங் 2005ஆம் ஆண்டு மாடலிலும், சேலஞ்சர் 2008ஆம் ஆண்டு மாடலிலும், கமாரோ 2010ஆம் ஆண்டு மாடலிலும் தத்தம் மூதாதையின் சாயலைப் பூண்டன.

இவற்றைப் பற்றி மகனோடு பல மாலைகள் வாதிட்டோம். அவ்வாதத்தில் நாம் கண்ட முதல் உண்மை இது: உருவத்துக்குரிய வேலை இன்றும் இருக்குமாயின், பழைய உருவம் புதிய வண்டிக்குப் பொருந்தும். மஸ்டாங்கின் முன்புறம் நீண்டும் பின்புறம் குறுகியும் இருப்பது அதன் அழகு. பெரிய எஞ்சின் இன்றும் முன்னேதான் அமர்ந்திருக்கிறது. ஆகவே அந்த நீளம் பொய்யன்று. வேலை மாறிவிட்டால் உருவமும் மாறவேண்டும். 1953 முதல் எஞ்சினை முன்னே சுமந்த கார்வெட், 2020ஆம் ஆண்டு மாடலில் அதனை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே கொண்டுபோயிற்று. உடனே அதன் நீண்ட மூக்கும் மறைந்தது. பழமையை விரும்பியோர் வருந்தியிருக்கலாம். ஆயினும் அது நேர்மையான மாற்றம்.

இரண்டாவது: உருவம் ஓட்டுபவனுக்கு இடையூறாகுமாயின் அது பொருந்தாது. புதிய கமாரோவின் பக்கங்கள் உயர்ந்து, கண்ணாடிகள் குறுகின, காண்பதற்கு மிடுக்கு. ஆனால் உள்ளிருந்து வெளியே பார்ப்பது கடினம் என்று ஓட்டினோர் பலர் குறை கூறினர். பிறர் நம்மைப் பார்ப்பதற்காக நாம் சாலையைப் பார்க்கும் வசதியை இழப்பது அறிவுடைமை ஆகாது. கமாரோ, சேலஞ்சர் ஆகிய இரண்டின் உற்பத்தியும் 2023 இறுதியில் நின்றது.

இவ்விடத்தில் மகன் நம்மை மடக்கினான். “அப்பா, 1964இல் வந்த முதல் மஸ்டாங்கின் பக்கவாட்டில் காற்று நுழையும் வாய்போல ஒன்று இருக்கிறதே, அதில் காற்றே நுழையாது. அது வெறும் அலங்காரம். அப்படியானால் பழையதும் பொய்தானே?” என்றான். விடை கூற இயலாமல் திகைத்தோம். புதிய ஜாவாவின் எஞ்சின் நீரால் குளிர்வது. ஆயினும், காற்றால் குளிரும் பழைய எஞ்சினுக்கு உரிய தகட்டு வரிகள் அதன்மேல் அழகுக்காக இருக்கின்றன. அவற்றைக் காட்டி அவனைக் கண்டிக்க எண்ணியிருந்த நாம், வாளை உறையிலிட்டோம். அலங்காரம் எக்காலத்திலும் உண்டு. தந்தையாரே தம் வண்டியின் முன்விளக்கின்மேல் பித்தளை வேல் ஒன்றைப் பொருத்தியிருந்தார் அல்லவா?

அமெரிக்கர்கள் இதனினும் ஒருபடி மேலே சென்றுவிட்டனர். டாட்ஜ் நிறுவனம் 2024ஆம் ஆண்டு மாடலாக, பழைய சார்ஜர் காரின் சாயலில் ஒரு மின்சாரக் காரை வெளியிட்டது. மின் மோட்டாருக்கு உறுமல் ஏது? ஆகவே, பழைய எஞ்சினின் முழக்கம்போன்ற ஓசையைச் செயற்கையாக எழுப்பும் கருவியையும் அதில் பொருத்தினர். முகத்தோடு குரலையும் மீட்க முயன்றனர் எனலாம். இதனைக் கேட்டபோது நமக்கு அன்னையாரின் நினைவு வந்தது.

அவ்வாண்டு மாரியம்மன் திருவிழாவுக்கு நாம் பேருந்தில் ஊர் சென்றோம். மகன் நண்பனின் புதிய ஜாவாவை இரவல் பெற்றுத் தனியே வந்தான். வண்டி வாசலில் வந்து நின்றபின்னரே அன்னையார் அறிந்தார். வெளியே வந்து, அரக்குச் சிவப்பையும் வெள்ளித் தகட்டையும் நெடுநேரம் உற்றுப் பார்த்து, டாங்கைத் தடவினார். “வண்டி அதே வண்டிதான் சாமி. குரல்தான் வேற ஆளுது” என்றார். மகன் தலைகுனிந்தான். வழக்கில் வென்றுவிட்டோம் என்றே நாம் கருதினோம்.

இரவு உணவுக்குப் பின், விற்கும் செய்தியைத் தயங்கித் தயங்கிச் சொன்னோம். தடுப்பார் என்று எதிர்பார்த்த அன்னையார், “வித்துடு” என்றார். “உங்கப்பா அது பழசுன்னா வாங்கினாரு? அன்னிக்கு மூட்டையோட மலையேற அதுதான் தோதா இருந்துச்சு, வாங்கினாரு. இன்னிக்கு இருந்திருந்தா அவரே மாத்தியிருப்பாரு. துரு ஏற வெச்சிட்டு ஊருக்கு வராம இருக்கறதவிட, எதுலயாவது ஏறி வந்துக்கிட்டு இருங்க.”

நாம் வாயடைத்தோம். முந்திய இரண்டு ஆண்டுகளில் நாம் ஊருக்குச் சென்றது இருமுறையே. தந்தையாரின் வண்டியைக் காத்தோம். அவர் அவ்வண்டியில் செய்த பயணத்தைக் காக்கவில்லை. பழைய முகத்தை அணிந்த புதிய வண்டியைப் பொய் என்று பழித்த நாம், ஓடாத வண்டி ஒன்றை நம் பற்றுக்கு அடையாளமாக நிறுத்தி வைத்திருந்தோம். இரண்டில் பெரிய அலங்காரம் எது?

தமிழ்ச் சங்கத்து விழாக்களில் வேட்டியும் பட்டுச் சேலையும் அணிந்து கூடும் நம்மைப் பற்றியும் இதனையே கூறத் தோன்றுகிறது. ஆடை அழகுதான், இருக்கட்டும். ஆனால் அதனை அணிந்த பிள்ளைக்குத் தன் பாட்டியின் கடிதத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். நம் மகனுக்கு அது தட்டுத் தடுமாறியே வருகிறது, குற்றம் அவனுடையதன்று.

பழைய வண்டியை, அதனைப் பழுது பார்த்து ஓட்டும் கைத்திறன் வாய்ந்த முதிய மெக்கானிக் ஒருவரிடமே கொடுத்தோம். பித்தளை வேலை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டோம். மகன் வாங்கிய புதிய வண்டியில் அதனைப் பொருத்த இடமில்லை, சாவிக்கொத்தில் தொங்குகிறது. அவன் மாதம் ஒருமுறை கோபிநத்தம் போய்வருகிறான். போகும்போது நாம் எழுதித் தரும் கடிதத்தைப் பாட்டிக்கு உரக்கப் படித்துக் காட்டவேண்டும் என்பது நம் நிபந்தனை.

சென்ற முறை அவன் திரும்பி வந்து ஒரு செய்தி சொன்னான். தெருமுனை திரும்புமுன்னரே பாட்டி வாசலில் வந்து நின்றிருந்தாராம். அந்தக் குரலும் இப்போது அவருக்குப் பழகிவிட்டது.