தாள் ஒட்டிய முட்டை

ஈஸ்டர் முட்டைகளில் எனக்கு மிகவும் பிடித்தது சாயக் கிண்ணத்தில் முக்கி எடுத்தது அல்ல, தாள் ஒட்டியது. கதிரை அறுத்தபின் மிஞ்சும் தாளைத்தான் சொல்கிறேன். செக் நாட்டில், ஒலோமௌட்ஸ் நகரத்தைச் சுற்றியுள்ள ஹானா சமவெளியின் கைவேலை இது. மொராவியாவின் வளமான மண் அது. அங்கே விளையும் பார்லி மால்ட்டுக்குப் பேர்போனது. மணி ஆலைக்குப் போய்விடும். மிஞ்சிய தாள் முட்டை ஓட்டில் பொன்னாக ஏறும்.

அடர்ந்த நிறம் பூசிய முட்டையில் ஒட்டுவோரும் உண்டு, மினுக்கம் எடுப்பாகத் தெரியும் என்று. எனக்குப் பழுப்பு முட்டையே போதும். ஓடு உருவாகும் கடைசி மணி நேரங்களில் கோழியே பூசி அனுப்பும் நிறம் அது. அதற்குமேல் நாம் எதற்குப் பூச வேண்டும்?

முட்டையை நன்றாகக் கழுவி, இரு முனையிலும் ஊசியால் துளையிட்டு, மஞ்சள் கருவை உள்ளேயே குத்திக் கலைத்து, ஊதி வெளியேற்ற வேண்டும். ஓட்டை உள்ளும் புறமும் அலசிக் காயவிட வேண்டும். ஈரம் தங்கினால் நாறும். தாளைக் கணு நீக்கி நறுக்கி நீரில் ஊறவைத்து, நீளவாக்கில் கீறி விரித்து, உட்புறத்தைச் சுரண்டி, இளஞ்சூட்டில் இஸ்திரி போட்டால் பளபளக்கும் நாடா கிடைக்கும். சிறு கத்தியும் கொஞ்சம் பசையும் இருந்தால் மற்றதைக் கை பார்த்துக்கொள்ளும்.

இந்த முட்டைகளில் ஏன் எங்கு பார்த்தாலும் சாய்சதுரமும் முக்கோணமும் நட்சத்திரமுமாக இருக்கின்றன என்பது ஒட்டும்போதுதான் விளங்கும். முட்டை நெடுக்கிலும் வளைகிறது, குறுக்கிலும் வளைகிறது. அகலமான துண்டு அப்படிப் படியாது, ஓரம் தூக்கிக்கொள்ளும். பொடித்துண்டுதான் உட்காரும். கோலத்தைத் தீர்மானிப்பது முட்டைதான். இன்னொன்று, தாளின் நார் நீளவாக்கில் ஓடுவதால், ஒரே தாளை நெடுக்கில் ஒட்டினால் ஒரு நிறம், குறுக்கில் ஒட்டினால் வேறொரு நிறம். முட்டையை விரலில் உருட்டினால் வெளிச்சம் இடம் மாறும், நட்சத்திரத்தின் ஒளிர்ந்த இதழ் மங்கும், மங்கியது ஒளிரும். எந்தச் சாயமும் இதைத் தராது என்பது என் துணிபு.

அண்டை நாடான ஸ்லோவாக்கியாவில் முட்டையைச் சுற்றி மெல்லிய கம்பி பின்னுவார்கள். அழகுதான், ஆனால் ஈஸ்டருக்குத் தாளே பொருந்தும் என்பேன். இடைக்கால ஐரோப்பாவில் தவக்காலம் முழுக்க முட்டை விலக்கு. கோழிகளுக்கு நோன்பு ஏது? அவை இட்டுக்கொண்டே இருக்க, சேர்ந்தவை பெருநாளுக்கு வந்தன. முட்டையை உயிர்த்தெழுதலின் அடையாளமாகச் சொல்வது எல்லாரும் அறிந்ததே. யோவான் நற்செய்தியிலோ இயேசு தம் சாவைப் பற்றிப் பேசும்போது, மண்ணில் விழுந்து மடிந்து பலன் தரும் தானிய மணியை எடுத்துக்காட்டுகிறார். அந்த மணியைச் சுமந்து நின்ற தாள் முட்டைமேல் ஏறும்போது இரண்டு அடையாளமும் ஓரிடத்தில் சேர்கின்றன. ஹானாவில் இதை நினைத்துத் தொடங்கினார்களோ என்னவோ, ஒட்டுகிற ஒவ்வொரு முறையும் எனக்கு அது நினைவுக்கு வருகிறது.

சாயத்தில் முக்குவது சில நிமிட வேலை. இதற்கு ஒரு மாலைப்பொழுது வேண்டும், பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரே மேசையில் குனிந்திருக்க வேண்டும். பார்லி கிடைக்காவிட்டால் கோதுமைத் தாளும் ஆகும். வருகிற ஈஸ்டருக்கு ஒரு முட்டையாவது இப்படிச் செய்து பாருங்கள்.