ஏரிக்குள் ஒரு பந்தாட்டத் திடல்

தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டி, மறைமலைநகரைக் கடந்ததும் நிற்கும் சிறு நிலையம் சிங்கப்பெருமாள் கோயில். அதற்கப்பால் பரனூர், பின்னர் கொளவாய் ஏரியின் நீர்ப்பரப்பைப் பார்த்தவாறே செங்கற்பட்டைச் சேர்ந்துவிடலாம். ஊருக்குப் பெயர் தந்தது பாடலாத்ரி நரசிம்மர் கோயில். பாடலம் என்றால் சிவப்பு, அத்ரி என்றால் மலை. பல்லவர் காலத்தில் குன்றைக் குடைந்து அமைத்த கருவறையாதலால், பெருமாளை வலம் வர விரும்புவோர் அக்குன்றையே சுற்றி வர வேண்டும்.

நான் அங்கே சென்றது கோயிலைக் காண்பதற்கன்று. காந்தியடிகளின் நூற்றாண்டாகிய 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பெற்ற நாட்டு நலப்பணித் திட்டம், தன் தொண்டர் ஒவ்வொருவரிடமும் ஆண்டுக்கு 120 மணி வீதம் ஈராண்டு உழைப்பைக் கேட்கிறது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கையில் என் கணக்கில் மணிகள் மிகக் குறைவாயிருந்தன. ஊர்ச் சிறுவர்களுக்குக் கால்பந்து கற்பிக்க ஆள் தேவை என்றார்கள். கல்லூரி அணியில் ஓரளவு ஆடியவன். இதைவிட எளிய தொண்டு ஏது என்றெண்ணிக் கை தூக்கிவிட்டேன்.

செங்கற்பட்டுச் சீமையை ஏரி மாவட்டம் என்பார்கள். எங்கள் திடலும் ஓர் ஏரிதான். சித்திரை வெயிலில் நீர் வற்றியபின் அதன் படுகை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஓரமெங்கும் சீமைக்கருவேலம். முள் தைக்காத கால் இல்லை; முள் தைத்ததற்காக ஆட்டத்தை நிறுத்திய சிறுவனும் இல்லை. கரைமேல் ஆடுகள் மேயும். இரண்டு செங்கல் வைத்தால் ஒரு கோல்.

முதல் சனிக்கிழமை இருபத்துமூன்று பிள்ளைகள் வந்தனர். ஆறு வயது முதல் பதினொன்று வரை இருக்கும். என்னிடம் இருந்தவை இரண்டு பந்துகள். பள்ளி உடற்பயிற்சி வகுப்பில் நான் கண்டிருந்தபடியே அவர்களை வரிசையில் நிறுத்தினேன். ஒருவன் உதைப்பான், மற்றவர் பார்த்துக்கொண்டு நிற்பர். கால்மணி நேரத்தில் வரிசையின் பின்பாதி ஓணானைத் துரத்தப் போய்விட்டது. அதோடு நின்றேனா? பந்தைத் தலையால் முட்டும் வித்தையைக் காட்டத் தொடங்கினேன். நான் மேலே எறிந்த பந்து ஏழு வயதுச் சிறுவனொருவனின் மூக்கில் இறங்கியது. இரத்தம் நிற்கக் கொஞ்ச நேரமாயிற்று. அடுத்த இரு சனிக்கிழமைகளும் அவன் வரவில்லை.

அதன்பிறகே படிக்கத் தொடங்கினேன். நான் கொண்டுசென்றது பெரியவர்கள் ஆடும் ஐந்தாம் எண் பந்து. அதன் எடை 410 முதல் 450 கிராம். எட்டு வயதுக்குட்பட்டோருக்கு அதனினும் சிறிய, இலேசான மூன்றாம் எண் பந்தே ஏற்றது. பத்து வயதும் அதற்குக் குறைந்ததுமான பிள்ளைகள் பந்தைத் தலையால் முட்டுதல் கூடாதென அமெரிக்கக் கால்பந்துக் கழகம் 2015-இலேயே விதித்திருந்தது. இங்கிலாந்தும் 2020-இல் தொடக்கப்பள்ளிச் சிறுவரின் பயிற்சியிலிருந்து அதை நீக்கியது. இவற்றையெல்லாம் அறியாத ஒருவனை நம்பியன்றோ பெற்றோர் தம் பிள்ளைகளை அனுப்பினர்!

அச்சிறுவனின் வீட்டைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவன் தாய், "வெளையாட்டுன்னா அடி படாதா தம்பி, உக்காருங்க" என்று மோர் கொடுத்தார். ஏசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நண்பர்களிடம் பணம் திரட்டி எட்டுச் சிறு பந்துகள் வாங்கினோம். வரிசையைக் கைவிட்டேன். மூவருக்கு மூவர், நால்வருக்கு நால்வர் எனச் சிறு சிறு ஆட்டங்கள். இத்தனைச் சிறிய கூட்டத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் நிமிடந்தோறும் பந்து கிடைக்கும். பதினொருவர் ஆட்டத்தில் இளையவனுக்கு அது அரைமணியில் ஒருமுறை வந்தாலே பெரிது. ஆறு வயதினர் பந்தை ஈயாய் மொய்ப்பார்கள்; "பரவி நில்லுங்கள்" என்று கத்துவதில் பயனில்லை. நான்கு மூலையிலும் நான்கு கோல் வைத்தேன். கூட்டமில்லாத கோலை அவர்கள் தாமே கண்டுபிடித்தார்கள். மூக்கில் அடிபட்டவனும் ஒருநாள் வந்து ஓரமாய் நின்றான், அழைக்காமல் விட்டேன். சற்று நேரத்தில் ஆட்டத்தினுள் இருந்தான்.

பிள்ளைகளில் மூவர் சிறுமியர். அவர்களுள் ஒன்பது வயதுப் பெண்ணொருத்தி இடக்காலால் உதைத்தால் செங்கல்லே புரளும். ஆடி மாதத்தில் அவள் வரவு நின்றது. கரைமேல் ஆடு மேய்க்கும் அவள் பாட்டியிடம் கேட்டேன்.

"பொம்பளப் புள்ளைக்குப் பந்து எதுக்குத் தம்பி? காலு ஒடிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்?"

கடலூரில் பிறந்து இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசனைப் பற்றிச் சொன்னேன். தமிழகப் பெண்கள் 2018-இல் தேசியப் பட்டத்தை வென்றதையும், 2023-இல் மீண்டும் வென்றதையும் சொன்னேன். இந்துமதி காவல்துறையில் உதவி ஆய்வாளர் என்றதும் பாட்டி நிமிர்ந்தார்.

"போலீசா? அந்தப் பொண்ணுக்குக் கண்ணாலம் ஆயிடுச்சா?"

எனக்கு விடை தெரியவில்லை. "அதக் கேட்டுக்கினு வா" என்று ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். ஆனால் அடுத்த சனிக்கிழமை சிறுமி வந்தாள். பாட்டியும் கரையில் அமர்ந்து ஆட்டையும் ஆட்டத்தையும் ஒருங்கே காவல் காத்தார்.

புரட்டாசி முடிவில் என் 240 மணிகள் நிறைவெய்தின. ஏட்டில் கையொப்பமும் கிடைத்தது. ஐப்பசியில் மழை பிடித்தது. வண்டியில் செல்கையில் கொளவாய் ஏரி நிறைந்து வருகிறதெனப் பேசிக்கொண்டார்கள். எனக்கு எங்கள் ஏரியின் நினைவு. மறு சனிக்கிழமை, கணக்கில் சேராத பயணமாக, சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கினேன்.

திடல் முழுதும் நீர். நாங்கள் கோல் வைத்த மூலையில் கொக்கொன்று ஒற்றைக்காலில் நின்றது. பிள்ளைகள் கரைமேல், ஆறடி அகலத்தில், வரிசையாக ஓடி ஆடிக்கொண்டிருந்தனர். இடக்காலி உதைத்த பந்து நேரே ஏரிக்குள் விழுந்தது.

"அண்ணா, நீச்சல் தெரியுமா?" என்றாள்.

"நீ எறங்காத தம்பி, சேறு" என்று சொல்லிக்கொண்டே, பாட்டி ஆடு மேய்க்கும் தொரட்டியை நீட்டிப் பந்தைக் கரைக்கு இழுத்தார்.