மீண்டும் ஓடிய கால்கள்

பேராக் மாநிலத்தின் தாப்பாவில் 1943ஆம் ஆண்டு பிறந்தவர் எம். இராஜாமணி. ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 400 மீட்டர் ஓட்டம் முதன்முறையாக இடம்பெற்றது 1964இல், தோக்கியோவில். மலேசியா என்னும் பெயரில் நம் நாடு பங்கேற்ற முதல் ஒலிம்பிக்கும் அதுவே. அவ்வோட்டத்தில் களமிறங்கிய இராஜாமணியால் முதற்சுற்றைத் தாண்ட முடியவில்லை. எனினும், அவர் ஓட்டத்தைக் கைவிடவில்லை. மறு ஆண்டே கோலாலம்பூரில் நடைபெற்ற தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டியில் தங்கப் பதக்கங்களை வென்றார். 1966இல் பேங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், தோக்கியோவில் கைநழுவிய அதே 400 மீட்டர் ஓட்டத்தில் வாகை சூடினார். நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனைக்கான தேசிய விருது அவ்வாண்டில்தான் முதன்முதலாக வழங்கப்பட்டது. அதைப் பெற்றவர் இராஜாமணி. அடுத்த ஆண்டும் அவரே பெற்றார். தோற்ற தூரத்தை மீண்டும் ஓடிப் பார்ப்பவருக்கே வெற்றிக்கோடு அருகில் வரும்.