அச்சுப்பொறி மௌனமாகும்போது



பிள்ளைகளின் செயல்திட்டம், வேலைக்கான விண்ணப்பம், ஆதார் நகல், ஜெபக்கூட்ட அட்டவணை என்று ஏதேனும் ஒன்றை நம் வீடுகளில் அடிக்கடி அச்சிட வேண்டியிருக்கிறது. அச்சிட வேண்டிய நேரம் பெரும்பாலும் அவசர நேரமாகவே அமைகிறது. அந்த நேரம் பார்த்து அச்சுப்பொறி மௌனமாகிவிடும். நாம் அதைத் தட்டுகிறோம்; பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துகிறோம்; கடைசியில், "மெஷின் போய்விட்டது" என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம். சபை அலுவலகத்தில் பல ஆண்டுகளாக நான் கண்ட வரையில், அந்தத் தீர்ப்பு சரியாயிருந்த நாட்கள் மிகச் சில. பழுது வேறெங்கோ இருந்தது. அதைத் தேடும் ஒழுங்கைப்பற்றி இந்த வாரம் எழுதுகிறேன்.

எளியதை முதலில் பார்க்க வேண்டும். மின்சாரம் வருகிறதா, கம்பி இரு முனையிலும் பொருந்தியிருக்கிறதா, தட்டில் தாள் இருக்கிறதா, வைஃபை இணைப்பு உண்டா என்று பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். ஆயினும் நமக்கு அது கௌரவக் குறைவாகத் தோன்றுகிறது. யோர்தானில் முழுகும்படி சொல்லப்பட்டபோது நாகமானுக்கு வந்த கோபம் அத்தகையதே. பெரிய காரியத்தைச் செய்ய ஆயத்தமாயிருந்தவனுக்கு எளிய காரியம் இடறலாயிற்று.

அடுத்தது, பழுது எந்தப் பக்கம் என்று பிரித்தறிதல். நகலெடுக்கும் வசதியுள்ள அச்சுப்பொறியாயின், கண்ணாடியின்மேல் ஒரு தாளை வைத்து நகல் பொத்தானை அழுத்துங்கள். இதற்குக் கணினியின் உதவி தேவையில்லை. நகல் தெளிவாக வந்தால் இயந்திரம் குற்றமற்றது; கணினியையோ இணைப்பையோ ஆராய வேண்டும். நகலும் கோடு கோடாக வந்தால் மையையும் உள்ளுறுப்புகளையும் பார்க்க வேண்டும். இந்த ஒரு சோதனை பாதி அலைச்சலைக் குறைக்கும்.

மூன்றாவது, வரிசை. நாம் அனுப்பும் ஆவணம் நேரே தாளுக்குப் போவதில்லை. ஸ்பூலர் என்னும் மென்பொருள் அதை வாங்கி வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றாக அச்சுப்பொறிக்கு அனுப்புகிறது. முன்னே நிற்கும் ஒரு கோப்பு சிக்கிக்கொண்டால் பின்னால் உள்ள யாவும் காத்துக்கிடக்கும். அப்பொழுது மறுபடியும் பிரிண்ட் கொடுப்பது வரிசையை நீளமாக்குமேயன்றி நகர்த்தாது. வரிசையைத் திறந்து, சிக்கியதை நீக்க வேண்டும். அது நீங்க மறுத்தால், விண்டோஸின் சர்வீசஸ் பகுதியில் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி மீண்டும் தொடங்கலாம். கணினியை அணைத்துத் திறப்பதும் பல வேளைகளில் அதே பலனைத் தரும்.

சில நேரங்களில் கட்டளை வேறிடத்துக்குப் போயிருக்கும். மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப் என்பது பெயருக்குத்தான் அச்சுப்பொறி. அது தாளில் எதையும் அச்சிடாது, கோப்பாகச் சேமிக்கும். அது தெரிவாகியிருந்தால் எதிரே உள்ள இயந்திரம் எவ்வளவு காத்திருந்தும் பயனில்லை. அளவும் அப்படியே. நாம் வைப்பது ஏ4 தாள், 210 மி.மீ. அகலமும் 297 மி.மீ. உயரமும் உடையது. கோப்பில் அமெரிக்க லெட்டர் அளவு குறிக்கப்பட்டிருந்தால், இல்லாத தாளைக் கேட்டுச் சில இயந்திரங்கள் விளக்கைச் சிமிட்டிக்கொண்டே நிற்கும்.

இவ்வளவும் சரியாயிருந்தும் தவறு நேரலாம் என்பதை ஓர் அடக்க ஆராதனையின் முந்தின இரவில் கண்டேன். மறுநாள் மாலைக்கு 200 பிரதிகள் தேவைப்பட்டன. நம் எழுத்தர் தம்பி முதல் பிரதியை எடுத்து, மறைந்த தாயாரின் மகளிடம் பார்வைக்குக் கொடுத்தார். பாடல்களும் வேதபாடங்களும் செம்மையாக இருந்தன. அந்தச் சகோதரி முதல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அம்மா பேரு இருக்க வேண்டிய இடத்துல என்னமோ இங்கிலீஷ் எழுத்தா இருக்கே" என்றார்.

பெயர் வரியைக் குடும்பத்தார் ஒரு டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தனர். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. அந்த எழுத்துரு உள்ள கணினியில் தமிழ் தெரியும். இல்லாத கணினியில் அடியிலுள்ள ஆங்கில எழுத்துகளே வெளிப்படும். யூனிகோடில் தமிழுக்கென்று தனி இடம் 1991 முதல் உண்டு. அதில் தட்டச்சு செய்தது எந்தக் கணினிக்குப் போனாலும் தமிழாகவே நிற்கும். குறிப்பிட்ட எழுத்துரு இல்லாவிடினும் வேறொரு தமிழ் எழுத்துரு அந்த வேலையைச் செய்யும். கடைக்காரர் அதே பக்கத்தை எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் கோப்பாக மாற்றி அனுப்பினார். இம்முறை பெயர் சரியாக வந்தது. அந்தச் சகோதரி அதன்மேல் விரலை வைத்து ஒருமுறை வாசித்தார். பிறகுதான் அழுதார்.

இயந்திரம் அன்று தனக்குக் கொடுக்கப்பட்டதை உண்மையாகவே அச்சிட்டிருந்தது. அதை அடித்தாலும் திட்டினாலும் அந்தப் பெயர் திரும்பியிராது.

நம் முன்னோரும் இப்படிப்பட்ட சிக்கலைச் சந்தித்தவர்களே. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயரின் அச்சகத்துக்காக, ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டு வந்தன. ஆனால் அவை பெரியவை. சில சொற்களிலேயே பக்கம் நிறைந்துவிடும். காகிதமோ கடல் கடந்து வர வேண்டிய அருமைப் பொருள். தட்டுப்பாட்டைக் காண்கிறவன் இன்னும் காகிதம் வேண்டும் என்றுதான் கேட்பான். அவர்களோ காகிதம் ஏன் இவ்வளவு செலவாகிறது என்று கேட்டு, எழுத்தின் அளவில் காரணத்தைக் கண்டனர். பாலாடைக்கட்டிப் பெட்டிகளை மூடி வந்த ஈயத்தை உருக்கி, தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் முழுமையாக அச்சேறியது. பின்னர் பொறையாறில் காகித ஆலையும் அமைத்தார்கள்.

பிரியமானவர்களே, வீட்டில் ஒருவர் பேசாமல் இருக்கும்போது நாம் செய்வதும் பல நேரங்களில் அச்சுப்பொறிக்குச் செய்வதே. "ஏன் பேசவில்லை?" என்று பத்து முறை கேட்கிறோம், அவர் உள்ளத்தில் எது சிக்கி நிற்கிறது என்று பார்ப்பதில்லை. பிள்ளையிடமிருந்து கடுஞ்சொல் வந்தால் பிள்ளையைக் கண்டிக்கிறோம். அந்தச் சொல் எந்த இடத்தில் அவனுக்குள் எழுதப்பட்டது என்று விசாரிப்பதில்லை. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்ற எளிய கேள்விகளை விட்டுப் பெரிய தீர்ப்புகளுக்குத் தாவுகிறோம்.

இந்த வாரத்தில் ஏதேனும் ஒன்று நம் கைக்கு அடங்காமல் நின்றுபோனால், இன்னொரு முறை அழுத்துவதற்கு முன்னே சற்று நிறுத்துவோம். எளியதைப் பார்ப்போம், எந்தப் பக்கம் பழுது என்று பிரித்தறிவோம், வந்த வழியே பின்னோக்கிச் சென்று தேடுவோம். அதற்கு வேண்டிய பொறுமையைக் கர்த்தர் நம் ஒவ்வொருவருக்கும் தந்தருள்வாராக. ஆமென்.