இரத்தினபுரி வழி

ஈழத்தில் வெண்பனி பொழிவதில்லை. எனினும் 2,243 மீற்றர் உயர்ந்த சிவனொளிபாத மலையின் குளிர் எலும்பைத் துளைக்கும். டிசம்பர்ப் பூரணையில் யாத்திரைக் காலம் தொடங்குகின்றது. நல்லதண்ணி வழியினும் பலாபத்தல ஊடாகச் செல்லும் இரத்தினபுரிப் பாதை நெடியது, கடினமானது. தொடக்க நாட்களில் மழையில் நனைந்த படிகள் வழுக்கும். அட்டைகள் காலைப் பற்றும்.

சைவர் சிவனடி என்றும், பௌத்தர் புத்தரடி என்றும், இஸ்லாமியர் ஆதம் நபியின் அடி என்றும் போற்றும் மலை அது. 1981 ஆகஸ்டில் இம்மாவட்டத் தோட்டங்களில் மூண்ட வன்செயலில் லயனை விட்டு ஓடிய என் தாயார், அதன்பின் நெடுங்காலம் மலையேறவில்லை. பிறகு ஒருமுறை என்னுடன் வந்தார். மூடுபனியில் அவர் தள்ளாடக் கண்டு, இறங்கி வந்த சிங்களப் பெரியவர் ஒருவர் தம் ஊன்றுகோலைக் கொடுத்து, யாத்திரிகர் வழக்கப்படி, "கருணாவை" என்றார். தாயார் சற்றே தயங்கினார். பின் அதே சொல்லைத் திருப்பிச் சொன்னார். அக்கோல் இன்றும் எங்கள் வீட்டில் இருக்கின்றது.